இலையின் நுனிப்பக்கம்

ஜனவரி 20, திங்கள்

பிசியோதெரபிக்கு வரும் ஷீபா இந்த நோட்டை வாங்கிக் கொடுத்திருக்கிறாள். தினமும் எனக்காக நான் என்ன செய்துகொண்டேன் என்று ஒரு வரியாவது எழுத வேண்டுமாம். "அண்ணாச்சிக்கு நான் குடுக்கிற மாதிரி இது உங்களுக்கு எக்சர்சைஸ், அக்கா" என்றாள். அவள் வயதுக்கு எனக்குப் பேத்தியே இருக்கலாம். அக்கா என்று கூப்பிடுகிறாள், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

சரி. இன்று எனக்காக: பல் தேய்த்தேன்.

என் வீட்டுக்காரர் ஆவுடையப்பன் பஸ் டெப்போவில் டைம்கீப்பராக இருந்தவர். ஊர் பஸ்ஸையெல்லாம் நேரம் தவறாமல் அனுப்பிவைத்த மனிதர், போன ஐப்பசியில் ஒருநாள் காலையில் பேப்பர் படித்துக்கொண்டே நாற்காலியோடு இடப்பக்கம் சாய்ந்தார். பக்கவாதம். இடது கை சுத்தமாகப் போய்விட்டது. இடது கால் கொஞ்சம் திரும்பியிருக்கிறது, இடுப்பைப் பிடித்துக்கொண்டால் இழுத்து இழுத்து நடக்கிறார். பேச்சு போகவில்லை. போயிருக்கலாமே என்று சில நாள் தோன்றும். எழுதிவிட்டேன், அடிக்கப் போவதில்லை.

கை கால் போனதை வந்தவர் போனவர் எல்லாரும் பார்த்து "ச்சொ" கொட்டுகிறார்கள். பார்த்தால் தெரியாத இன்னொன்று இருக்கிறது. அவருக்கு இடது பக்கமே கிடையாது. கையை மட்டும் சொல்லவில்லை. உலகத்தின் இடது பக்கமே இல்லை. சவரம் செய்தால் வலது கன்னத்தை மட்டும் வழித்துவிட்டு கண்ணாடியில் திருப்தியாகப் பார்ப்பார். தட்டில் வலது பாதிச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு "இவ்வளவுதானா?" என்பார். நான் தட்டை அப்படியே ஒரு அரைச்சுற்று திருப்பி வைப்பேன். "இப்பதான் போட மனசு வந்துதாக்கும்" என்று மீதியைச் சாப்பிடுவார்.

ஷீபா விளக்கினாள். "கண்ணுல ஒரு கோளாறும் இல்ல, அக்கா. இடது பக்கம்னு ஒண்ணு இருக்குங்கிறதையே அண்ணாச்சி மூளை மறந்துட்டு. அதனால தனக்கு ஒரு குறையும் இல்லைன்னுதான் நெனைப்பாங்க."

நினைக்கிறார். அவருக்கு ஒன்றுமே இல்லை. குறையெல்லாம் என்னிடம்தான். எனக்குத்தான் கை குறுகிவிட்டது, பரிமாறத் தெரியவில்லை.

ஜனவரி 22, புதன்

மோட்டார் ஓடவில்லை. குடத்தில் தண்ணீர் தூக்கினேன். படுக்கை விரிப்பு இரண்டு முறை மாற்றினேன். எனக்காக: ஒன்றும் இல்லை.

ஜனவரி 26, ஞாயிறு

எனக்காக ஒன்று செய்தேன். அதை எழுதலாமா என்று காலையிலிருந்து யோசனை.

ஷீபா சொல்லியிருப்பது இது: நான் எப்போதும் அவருக்கு இடப்பக்கம் உட்கார வேண்டும். அங்கிருந்து பேச்சுக் கொடுக்க வேண்டும், கையைத் தொட வேண்டும், அவராகத் திரும்பிப் பார்க்கிற வரை விடக் கூடாது. அப்படிச் செய்யச் செய்ய அந்தப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வருமாம். அதற்காகத்தான் கட்டிலுக்கு இடப்பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டேன்.

அதில் உட்கார்ந்தேன். பேசவில்லை.

காபி கையில் இருந்தது. சூடாக இருந்தது. கடைசியாகச் சூடாகக் காபி குடித்தது எப்போது என்று எனக்கு நினைவில்லை. அவர் "ஏளா" என்றார். நான் ஒரு மடக்குக் குடித்தேன். "ஏளா, எங்கெ போய்த் தொலைஞ்சே" என்றார். கையை நீட்டினால் அவர் தோளைத் தொட்டிருப்பேன். டம்ளர் காலியாகிற வரை நான் அந்த வீட்டில் இல்லை. பிறகு எழுந்து சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போய் "என்ன வேணும்?" என்றேன். "கூப்பிட்டா வர மாட்டியா, அடுப்படியில என்ன கொள்ளை கெடக்கு" என்று வைதார்.

பாவம்தான். ஆனால் காபி நன்றாக இருந்தது.

பிப்ரவரி 1, சனி

புனேயிலிருந்து மகன் கோமதிநாயகம் பேசினான். "ஒரு ஆள் வச்சுக்கிடுங்கம்மா." வைத்தோமே. வந்த ஆள் இரண்டாம் நாள் அவரிடம் வசவு வாங்கிக்கொண்டு மூன்றாம் நாள் வரவில்லை. "அப்ப வேற ஆள் பாருங்க" என்றான். பார்க்கிறேன் என்றேன். அவனுக்கு மீட்டிங் இருந்தது.

பிப்ரவரி 5, புதன்

அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். பால் பாத்திரம் கருகிவிட்டது.

பிப்ரவரி 9, ஞாயிறு

குளியலறையில் அவரைத் தூக்கி நிறுத்தும்போது எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டேன். அவர் "சரியாப் பிடி, தூங்குதியா?" என்றார்.

சாயந்தரம் ஷீபா வந்தபோது சொன்னேன். அவருக்குப் பார்க்கிற கருவியை என் கையில் சுற்றிப் பிரஷர் பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள்.

"அக்கா, இது இப்படியே போனா அண்ணாச்சி பக்கத்துல இன்னொரு கட்டில் போடணும்."

"போடு. ரெண்டு பேருக்கும் நீயே வந்து பாத்துக்கோ."

அவள் சிரிக்கவில்லை. "வெளையாடாதீங்க. நீங்க விழுந்தா அவங்களுக்கு ஆரு இருக்கா? பத்து நாளாவது வேற ஆராச்சும் பாத்துக்கிடட்டும். நீங்க தூங்கி எந்திரிங்க. மாத்திரையவிட அதுதான் முக்கியம். சொந்தத்துல ஆரும் இல்லையா?"

இருக்கிறாள் ஒரு தங்கை. பிரமநாயகி, எல்லாருக்கும் பிரமு. கோவில்பட்டியில் இருக்கிறாள். அண்ணன் என்றால் உயிர். மாதம் ஒரு தடவை ஆப்பிள் பழத்தோடு வருவாள், அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பாடு அழுவாள், என் கையால் சாப்பிட்டுவிட்டு நாலு மணி பஸ்ஸுக்குப் போய்விடுவாள். நீங்க கொஞ்சம் படுங்க மதினி, நான் பாக்கேன் என்று ஒரு வார்த்தை வந்ததில்லை.

கேளுங்களேன் என்றாள் ஷீபா. கேட்பதா? கட்டினவளுக்கு முடியவில்லையாம், தங்கச்சி தலையில் கட்டப் பார்க்கிறாள் என்று பேச்சு வரும். இவர்கள் குடும்பத்தில் நான் எதையும் கேட்டு வாங்கியதில்லை. அப்படியே இருந்துவிட்டுப் போகிறேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

அவருடைய பெரியப்பா மகன் வேலாயுதம் அத்தான் வீட்டுக் கல்யாணம். தாலி கட்டுக்கு அவரைக் கூட்டிப் போக முடியவில்லை. நாளை மறுவீட்டுச் சாப்பாட்டுக்குக் கண்டிப்பாக வர வேண்டும் என்று அத்தான் ஆட்டோ அனுப்புகிறார். தேங்காய்ப்பால் சொதி இருக்கும் என்பதால் இவருக்கும் ஒரே ஆசை. "எனக்கு என்ன, நடந்தே வருவேன்" என்கிறார்.

பிப்ரவரி 17, திங்கள்

உடம்பு படு என்கிறது. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

மண்டபத்தில் வரிசையின் ஓரத்தில் அவருக்கு நாற்காலி போட்டு, மேசையில் இலை போட்டார்கள். நான் அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்தேன். தெரிந்த முகங்கள், விசாரிப்புகள். அவரும் உற்சாகமாகத்தான் இருந்தார். சொதி வந்தது. இலையின் நுனி இடப்பக்கம், அங்கேதான் இஞ்சிப் பச்சடி, பொரியல், உருளைக்கிழங்கு வறுவல் எல்லாம். அவர் வலப்பக்கம் இருந்த சோற்றையும் அவியலையும் மளமளவென்று சாப்பிட்டுவிட்டுப் பார்க்கிறார், இலை காலி. அவருடைய இலை காலி.

வீடாக இருந்தால் தட்டைத் திருப்பிவிடுவேன். கல்யாண வீட்டில் இலையைத் திருப்ப முடியுமா? நுனி வலப்பக்கம் வந்தால் அது இழவு வீட்டு இலை. மறுவீட்டுப் பந்தியில் அதைச் செய்தால் பெண்ணைப் பெற்றவர்கள் என்னை உயிரோடு விட மாட்டார்கள். அதனால் என்ன செய்தேன் என்றால், கையை நீட்டி நுனிப்பக்கத்தில் இருந்த பச்சடியையும் வறுவலையும் மெதுவாக வலப்பக்கத்துக்குத் தள்ளினேன்.

அந்த நேரம் பார்த்து பிரமு சொதி வாளியோடு எதிரே வந்து நின்றாள்.

"என்ன செய்தீய மதினி? அவன் இலையில இருந்து எடுக்கிய?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் தலையை நிமிர்த்தினார். "போடு பிரமு, நீயாவது போடு. வீட்டுல இவ அரைச் சோறுதான் போடுதா. பாதிய எடுத்து வச்சிக்கிடுதா. கேட்டாத்தான் மீதி."

பந்தியில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்டதைத்தான் சொன்னார்.

பிரமு வாளியைக் கீழே வைத்தாள். "அதான் எங்க அண்ணன் இப்படி எலும்பும் தோலுமா இருக்கானா? நான் வரும்போதெல்லாம் நல்லா நடிச்சிருக்கியளே! பேச முடிஞ்ச மனுசனுக்கே இந்தக் கதின்னா!" வேலாயுதம் அத்தான் கை கழுவாமலே எழுந்து வந்தார். "ஒரு பொம்பளை செய்ற காரியமா இது?" என்றார். பின்னால் யாரோ "சுகருக்குக் குறைச்சுப் போடுதாகளோ என்னவோ" என்று எனக்காகப் பேசினார்கள். அதுவும் எடுபடவில்லை.

"இனி ஒரு நாள் அங்க விட மாட்டேன். நாளைக்கே கோவில்பட்டிக்குக் கூட்டிட்டுப் போறேன். என் அண்ணனுக்கு நான் வயிறாரச் சோறு போடுதேன்" என்றாள் பிரமு.

நான் அவளைப் பார்த்தேன். இரண்டு வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். ஷீபாவுக்குப் போன் போட்டுக் கொடுத்திருந்தால் அவளே சொல்லியிருப்பாள்.

"கூட்டிட்டுப் போ" என்றேன்.

அந்தக் கூட்டத்தில், அந்தச் சத்தத்தில், யார் என் பேச்சைக் கேட்டிருப்பார்கள்?

பிப்ரவரி 18, செவ்வாய்

கார் வந்தது. மாத்திரைகளை காலை, மதியம், இரவு என்று தனித்தனி டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். எந்தப் பக்கம் பிடித்துத் தூக்க வேண்டும், எத்தனை தலையணை, டயாபர் எப்படி மாட்டுவது எல்லாம் சொன்னேன். பிரமு முகத்தை ஒரு பக்கமாக வைத்துக்கொண்டு கேட்டாள். அவர் காரில் ஏறும்போது "இனிமேலாவது நிம்மதியா சாப்பிடலாம்" என்றார்.

தட்டு விஷயத்தைச் சொல்ல மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 19, புதன்

தூங்கினேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

முந்தாநாள் வெயில் ஏறிய பிறகுதான் எழுந்தேன். சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கினேன். நேற்றும் அப்படியே. உடம்பு தூக்கத்தை எங்கே ஒளித்துவைத்திருந்தது என்று தெரியவில்லை. இன்று தலைக்குக் குளித்து, நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு முருகன்குறிச்சி வரை நடந்து போய் ஒரு ஹோட்டலில் தனியாக உட்கார்ந்து நெய் ரோஸ்ட் சாப்பிட்டேன். மொறுமொறுவென்று இருந்தது. சர்வர் "இன்னும் என்ன வேணும்மா?" என்று கேட்டார். என்னிடம் யாரோ அப்படிக் கேட்கிறார்கள்! இன்னொரு காபி சொன்னேன்.

திரும்பும்போது எதிர் வீட்டு மாலதி கேட்டிலேயே பிடித்துக்கொண்டாள். "நாத்தனார் வந்து கூட்டிட்டுப் போய்ட்டாகளாமே?" என்றாள். அவள் கண் என் நல்ல சேலையில் இருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. நான் மூடப் பார்க்கவும் இல்லை.

சாயந்தரம் விவரம் தெரியாமல் ஷீபா வந்தாள். அவளுக்கு ஒரே சந்தோஷம். "கேட்டீங்களாக்கா? நான் சொன்னேம்லா!" என்றாள். ஆமாம் என்று வைத்துக்கொள்ளட்டும். போகும்போது திண்டாட வைத்தாள். "இடது பக்க விஷயம் அவங்ககிட்ட தெளிவா சொல்லிட்டீங்கள்லா? சூடு, வாசப்படி, எல்லாம் கவனிக்கணும்."

"சொல்லிட்டேன்" என்றேன்.

பிப்ரவரி 24, திங்கள்

பிரமு போன் செய்தாள். குரலில் வெற்றி. "ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிடுதான். ஆனா தட்டுல பாதிய மிச்சம் வச்சிடுதான். பழக்கம் விட்டுப் போச்சுல்லா, வயிறு சுருங்கிட்டு. போகப் போகச் சரியாயிரும்."

எந்தப் பக்கம் மிச்சம் வைக்கிறார் என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. "சரி, பாத்துக்கோ" என்று வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 27, வியாழன்

மறுபடி பிரமு. இந்தத் தடவை குரலில் அவ்வளவு தெம்பு இல்லை. "ராத்திரி இப்படித்தான் அடிக்கடி கூப்பிடுவானா, மதினி?"

"ஆமா."

"பகல்ல நீங்க எப்பம் படுப்பிய?"

"படுக்க மாட்டேன்."

"சரி சரி, நாங்க சமாளிச்சிக்கிடுவோம்" என்று வைத்துவிட்டாள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அது அசிங்கமான சந்தோஷம் என்றும் தெரிந்தது.

மார்ச் 1, சனி

கோமதிநாயகம் பேசினான். வேலாயுதம் பெரியப்பா அவனுக்குப் போன் செய்திருக்கிறார். சுற்றி வளைத்துக் கேட்டான். "அம்மா, கோபப்படாதீங்க. நெஜமாவே அப்பாவுக்கு நீங்க சாப்பாடு... ஏதாவது டயட் மாதிரி..."

பெற்ற பிள்ளை கேட்கிறான்.

அவனிடம் சொல்லியிருந்தால் அடுத்த நிமிடம் அத்தைக்குச் சொல்லியிருப்பான். பிரமு அடுத்த பஸ்ஸில் அவரைக் கொண்டுவந்து விட்டிருப்பாள். அதனால் "உங்க அத்தை சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றேன். அவன் போனை வைத்துவிட்டான்.

இந்த நோட்டில் இனி மழுப்பப் போவதில்லை. தட்டு விஷயத்தை நான் மறக்கவில்லை. மறுவீட்டுப் பந்தியில் பிரமு கூட்டிப் போகிறேன் என்றபோது, கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது. நான் கேட்க வெட்கப்பட்டதை அவள் கோபத்தில் தந்தாள். பட்டினி போட்டவள் என்ற பேரை வாங்கிக்கொண்டு தூக்கத்தை வாங்கிக்கொண்டேன். இப்போதும் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. பேர் போனால் போகட்டும். இன்னும் ஒரு வாரம் தூங்கினால் போதும்.

மார்ச் 3, திங்கள்

மத்தியானம் பிரமு போன் செய்து அழுதாள்.

அடுப்பிலிருந்து இறக்கிய குக்கரைச் சாப்பாட்டு மேசையில் வைத்திருக்கிறாள், அவருக்கு இடப்பக்கம். இடது கை அதன்மேல் சாய்ந்து கிடந்திருக்கிறது. அவர் பாட்டுக்கு வலது கையால் சாப்பிட்டுக்கொண்டு பேசிக்கொண்டிருந்திருக்கிறார். அவள் அப்பளம் பொரித்துக்கொண்டு திரும்பி வந்து பார்த்தபோது புறங்கை முழுக்கக் கொப்புளம். "ஒரு 'ஆ' கூடச் சொல்லலை மதினி. சோறு கேக்கான், சோறு கேக்கான், கை வேகுது!"

சூடு, வாசப்படி, எல்லாம் கவனிக்கணும் என்று ஷீபா சொன்னாள். சொல்லிட்டேன் என்றேன்.

கொதிக்கும் குக்கரில் அவர் கையை நான்தான் வைத்தேன்.

மார்ச் 4, செவ்வாய்

முதல் பஸ்ஸில் கோவில்பட்டி போனேன். பிரமு வீட்டுக்காரர் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் "வாங்க" என்று சொல்லிவிட்டு அவசரமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு தப்பித்தார்.

பிரமுவை எனக்கு அடையாளம் தெரியவில்லை. எப்போதும் பின்னலும் பூவுமாக இருப்பவள் முடியை அள்ளி முடிந்திருந்தாள். ஜாக்கெட்டில் சாம்பார் கறை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அந்தக் கண்ணை நான் தினமும் என் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

அவர் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். இடது கையில் பெரிய கட்டு, மடியில் யாரோ வைத்துவிட்டுப் போன பொட்டலம் மாதிரி கிடந்தது. வலப்பக்கமாகப் போய் நின்றேன்.

"வந்துட்டியா?" என்றார். "வீட்டுக்குப் போவோம்ளா. இவ சோறே போட மாட்டேங்கா. அரைச் சோறு. பாதிய எடுத்து வச்சிக்கிடுதா."

"கேட்டியளா மதினி?" பிரமுவின் குரல் உடைந்தது. "இதையேதான் வாறவன் போறவன்கிட்ட எல்லாம் சொல்லுதான். நேத்து பக்கத்து வீட்டுக்காரி ஒரு தூக்குச்சட்டியில சாம்பார் சாதம் கொண்டாந்து தாரா. அண்ணனுக்குக் குடுங்கங்கா. என் முகத்தப் பாத்து! என் வாசல்ல நின்னு!"

தட்டில் மூன்று இட்லி இருந்தது, சட்னியோடு. எல்லாம் இடப்பக்கம். வலப்பக்கம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. தட்டைப் பிடித்துத் திருப்பினேன்.

"ம். அவ வந்த ஒடனே வருது பாரு" என்று இட்லியைப் பிட்டார்.

பிரமு தட்டைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மேசையில் குக்கர் வைத்த இடத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒவ்வொன்றாக விளங்குவதை நான் நின்று பார்த்தேன். வேறெங்கும் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அடுப்படிக்கு என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

"இந்தப் பக்கம் அவனுக்குத் தெரியாதா?"

"தெரியாது. கண் இருக்கு, தெரியாது."

"ஒங்களுக்கு எப்பம் தெரியும்?"

"ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுல இருந்து."

"அப்பம் அன்னைக்கு மண்டபத்துல?"

"தெரியும்."

"அவன் இலையில கைய வச்சது..."

"இந்தப் பக்கம் தள்ளிவிட்டேன். திருப்ப முடியாதுல்லா."

அவள் அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கியிருப்பேன். "ஏன் மதினி சொல்லலை? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கை வெந்திருக்குமா?"

"சொல்லியிருந்தா நீ கூட்டிட்டுப் போயிருக்க மாட்டே."

"கேட்டிருக்கலாம்லா! முடியலை பிரமு, பத்து நாள் பாத்துக்கோன்னு கேட்டிருக்கலாம்லா!"

"கேட்டிருந்தா வந்திருப்பியா?"

வருவேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள். மூடினாள். மிக்ஸியில் அரைத்துவைத்த தேங்காய் அப்படியே இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பொய் சொல்லியிருக்கலாம், நான் நம்பியிருப்பேன். அவள் சொல்லவில்லை.

"மாட்டேன்" என்றாள். "ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பேன்." பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "கட்டிலுக்கு வேண்டாம், இங்கனயே கொஞ்சம் படுக்கட்டுமா மதினி? நீங்க அவனப் பாத்துக்கிடுவியளா? சாயந்தரம் எழுப்புங்க."

சாயந்தரம் எழுப்பவில்லை.

மார்ச் 5, புதன்

பிரமு எழுந்தபோது பால்காரர் வந்து போயாகிவிட்டது. முகம் கழுவிவிட்டு வந்து எனக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். சூடாக. நாங்கள் சமாதானமாகிவிட்டோம் என்று எழுத முடியாது. அவர் கையைப் பார்க்கும்போதெல்லாம் அவள் முகம் இறுகுகிறது. ஆனால் மாதத்தில் பத்து நாள் அவள் வீடு, மீதி என் வீடு, ஷீபா சொல்லிக் கொடுப்பதை அவளும் வந்து கற்றுக்கொள்வது என்று அவளாகவே சொன்னாள். நான் இதைக் கேட்கவில்லை. இல்லை, கேட்டேன், என்ன லட்சணத்தில் கேட்டேன் என்பதற்கு அவர் கையில் இருக்கிற அந்தக் கட்டுதான் சாட்சி.

வேலாயுதம் அத்தான் போன் செய்தார். நான் வந்திருப்பது அதற்குள் அவர் காதுக்குப் போய்விட்டது. பிரமு ஸ்பீக்கரில் போட்டாள்.

"அந்தப் பொம்பளை அங்க வந்திருக்காளாமே? எந்த மொகத்த வச்சிக்கிட்டு வந்தா?"

பிரமு என்னை ஒரு பார்வை பார்த்தாள். காட்டிக் கொடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். கொடுத்திருக்கலாம், நியாயம் அவள் பக்கம்.

"மதினி மேல தப்பில்ல அண்ணே. அண்ணனுக்கு இடது பக்கம் தெரியாதாம், தட்டுல பாதி அவன் கண்ணுக்குப் படாதாம். நான்தான் தெரியாம பேசிட்டேன். இப்பம் நானும் சோறு போடலைன்னு ஊரெல்லாம் சொல்லுதான். நீங்க ஒரு பத்து நாள் போட்டுப் பாக்கியளா? ஒங்க வீட்டுக்கு அனுப்பி வைக்கட்டுமா?"

அந்தப் பக்கம் இருமல் சத்தம். பெண்ணும் மாப்பிள்ளையும் விருந்துக்கு வருகிறார்களாம், இப்போது தோதுப்படாதாம். பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டார். பிரமு "பாத்தியளா" என்பது போல் போனைக் கவிழ்த்து வைத்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

பத்து மணிக்குக் கட்டு மாற்ற வேண்டும். நான் செய்கிறேன் என்றேன். அவருக்கு வலப்பக்கம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அவருடைய இடது கையை மடியிலிருந்து எடுத்து என் மடியில் ஒரு துண்டை விரித்து அதன்மேல் வைத்துக்கொண்டேன். வெளிச்சம் அந்தப் பக்கம்தான். துணியை நனைத்து நனைத்துப் பிரித்தேன். புறங்கை முழுக்கத் தோல் உரிந்து சிவப்பாக இருந்தது. பார்க்க முடியவில்லை, ஆனாலும் பார்த்தேன். நான் செய்தது, நான்தான் பார்க்க வேண்டும்.

அவரும் பார்த்தார். வலப்பக்கம் வந்துவிட்டதால் அந்தக் கை அவர் கண்ணில் பட்டுவிட்டது. குனிந்து உற்றுப் பார்த்தார்.

"ஏளா, ஒன் கையில என்ன இவ்வளவு புண்ணு?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. என் இரண்டு கைகளைப் பார்த்துக்கொண்டேன். பிறகுதான் புரிந்தது. என் மடியில் கிடக்கிற அந்தக் கையை அவர் என் கை என்று நினைக்கிறார்.

இது உங்க கைதான் என்று சொல்ல வேண்டும். அதுதான் சரி, ஷீபா அதைத்தான் சொல்வாள்.

அவருடைய வலது கை நீண்டு வந்து, வெந்த கையின் விரல்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தது. அவ்வளவு மெதுவாக அவர் எதையும் தொட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. "அடுப்படியில பாத்து வேலை செய்யக் கூடாதா? எதுக்கெடுத்தாலும் அவசரம்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "ரொம்ப வலிக்கா?"

ஐப்பசியிலிருந்து யாரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை. வாசல் நிலையில் பிரமு நின்றுகொண்டிருந்தாள், அவளுக்கும் கேட்டிருக்கும். அழுகை வந்துவிட்டது, அதை நான் மறைக்கவில்லை.

"வலிக்கு" என்றேன்.

அவர் குனிந்து அந்தப் புண்ணின்மேல் ஊதினார்.